முதல் பட்டதாரி

ஆவடியைத் தாண்டி, விமானப்படைத் தளத்தை ஒட்டி இருக்கிறது முத்தாபுதுப்பேட்டை. அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் சமீபத்தில் ஒரு அப்பாவையும் மகளையும் பார்த்தேன். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்குக் காத்திருக்கிறாள். 'முதல் பட்டதாரி' சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். குடும்பத்தில் இதுவரை யாருமே டிகிரி வாங்கியதில்லை என்று வருவாய்த் துறை தரும் சான்றிதழ் அது. அதைக் காட்டினால் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010-ல் வந்த திட்டம்.

"தாத்தா என்னம்மா படிச்சாரு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அப்பாவோட அப்பா மூணாங்கிளாஸ். அம்மாவோட அப்பா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் பார்த்து, "இவ்ளோ அலைஞ்சு ஒரு டிகிரி வாங்கி என்ன சார் ஆகப் போகுது? எங்க தெருவுல பி.இ. முடிச்ச பையன் பைக்குல சாப்பாடு டெலிவரி பண்றான்" என்றார். மகள் முகம் சட்டென்று வாடிவிட்டது.

நியாயமான கேள்விதான். அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் தோன்றியது... நம் ஊரிலேயே முதன்முதலாக பி.ஏ. பட்டம் வாங்கியவர் யார்? அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார்?

கொஞ்சம் பின்னால் போவோம், வாருங்கள்.

1857. வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து டெல்லியும் கான்பூரும் லக்னோவும் பற்றி எரிந்த வருஷம். அதே வருஷத்தில்தான் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்களைத் தொடங்கினார்கள் ஆங்கிலேயர்கள். சென்னைக்குத் தேதி செப்டம்பர் 5. திடீரென்று நம் மேல் ஏன் இத்தனை பாசம் என்கிறீர்களா? ஆட்சியை நடத்த ஆள் வேண்டுமே! கணக்குப் பார்க்க, கோர்ட்டில் உட்கார, ஃபைல் எழுத ஆங்கிலம் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். அதுதான் முக்கியக் காரணம்.

சரி, முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் எத்தனை பேர்? இரண்டே பேர்! அந்த இரண்டு பேரும் சென்னைக்காரர்கள் இல்லை, யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் கறோல் விசுவநாத பிள்ளை. இன்னொருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை.

யாழ்ப்பாணத்தில் 1823-லேயே அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கிவிட்டார்கள். ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், கூடவே தமிழும் அங்கே பாடம். சென்னையில் பல்கலைக்கழகம் வருவதற்கு முப்பது வருஷம் முன்பே அங்கே உயர்கல்வி நடந்துகொண்டிருந்தது. இருவரும் அங்கே படித்தவர்கள்தான்.

1832-ல் சிறுப்பிட்டி என்ற கிராமத்தில் பிறந்தவர் தாமோதரம் பிள்ளை. 'தினவர்த்தமானி' பத்திரிகையைக் கவனிக்க பெர்சிவல் பாதிரியார் கூப்பிட, கடல் தாண்டி சென்னைக்கு வந்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர், அப்புறம் அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம், 1871-ல் பி.எல். பட்டம், ஓய்வு பெற்ற பின் கும்பகோணத்தில் வக்கீல், புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதி, 1895-ல் ராவ் பகதூர் பட்டம். ஒரு டிகிரி ஒரு தனி மனிதனுக்கு என்ன தரும் என்றால், இதோ இதெல்லாம் தரும். சம்பளம், பென்ஷன், மரியாதை.

கதை இதோடு முடிந்திருந்தால் இன்றைக்கு அவரைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்தக் காலத்தில் சங்க நூல்கள் பலவும் ஓலைச்சுவடியில்தான் கிடந்தன. கரையானுக்குப் பாதி, வெள்ளத்தில் பாதி என்று போய்க்கொண்டிருந்தன. மிச்சம் இருந்ததைப் படிக்கவும் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். பகலில் அரசாங்கக் கணக்குப் பார்த்த மனிதர், மீதி நேரத்தில் இந்த ஏடுகளைத் தேடி அலைந்தார். ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். கிடைத்த பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார், பிழை நீக்கினார், கைக்காசையும் போட்டு அச்சிட்டார்.

1868-ல் தொல்காப்பியச் சொல்லதிகாரம், சேனாவரையர் உரையோடு. 1881-ல் வீரசோழியம். 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம், நச்சினார்க்கினியர் உரையோடு. 1887-ல் கலித்தொகை. எட்டுத்தொகை நூல்களில் முதலில் அச்சேறியது அதுதான்!

யோசித்துப் பாருங்கள். ஆங்கிலேயர்கள் குமாஸ்தா வேண்டும் என்று ஒரு பல்கலைக்கழகம் கட்டினார்கள். அதிலிருந்து வந்த முதல் ஆளே, ஆங்கிலம் படித்த கையோடு திரும்பிப்போய்த் தமிழை மீட்டார். படிப்பு அவருக்குக் கொடுத்தது சோறு மட்டுமில்லை. எது அழிந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கும் கண்ணையும், அதைக் காப்பாற்றும் வழியையும் சேர்த்துக் கொடுத்தது.

"டிகிரி இல்லாமல் உ.வே.சா. சாதிக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். சாதித்தார்தான். ஆனால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அவர் பாடம் கேட்டது உயர்கல்வி இல்லாமல் வேறென்ன? அதற்குக் காகிதம் கிடையாது, அவ்வளவுதான். அந்தக் காகிதத்தையும் 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகமே கௌரவ டாக்டர் பட்டமாகக் கொண்டுவந்து கொடுத்தது.

இன்னொரு விஷயம். 1880-களின் கடைசியில் தாமோதரம் பிள்ளை புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தபோது, அதே ஊரில் ஒரு பெண் குழந்தை நடை பழகிக்கொண்டிருந்தது. 1886-ல் பிறந்த குழந்தை. அம்மா தேவதாசிக் குலத்தவர். அந்தப் பெண் 1904-ல் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோது ஊரே முணுமுணுத்தது. பையன்கள் படிக்கும் கல்லூரியில் பெண்ணா? அதுவும் இந்த வீட்டுப் பெண்ணா? மகாராஜா, 'படிக்கட்டும்' என்றார்.

அவர்தான் முத்துலட்சுமி ரெட்டி. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். சட்டசபைக்குப் போய் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1947-ல் அதற்குச் சட்டம் வந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார். ஒரே ஒரு பெண்ணுக்கு ஒரு கல்லூரி கதவு திறந்ததற்கு, இத்தனை பேருக்கு இத்தனை வாசல்கள்!

இரண்டு பேரில் ஆரம்பித்த கணக்கு இப்போது எங்கே நிற்கிறது தெரியுமா? 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவிகிதம். இந்தியாவுக்கு 28.4. தானாக வந்ததில்லை இது. காமராஜர் காலத்துப் பள்ளிக்கூடங்களும் மதிய உணவும், பிறகு வந்த இட ஒதுக்கீடும் கட்டணச் சலுகைகளும் சேர்ந்து இழுத்த தேர்.

அந்த ஆட்டோக்கார அண்ணன் சொன்னதும் பொய்யில்லை. படித்த எல்லோருக்கும் படிப்புக்கேற்ற வேலை கிடைப்பதில்லை. அது வேலை கொடுக்க வேண்டியவர்கள் பதில் சொல்ல வேண்டிய கணக்கு. படித்த பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது. டெலிவரி செய்கிற அந்தப் பையனின் குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறார். அவருக்கு அந்த வசதி இருந்திருக்குமா, சொல்லுங்கள்?

மறுபடி அவரைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்ல நினைக்கிறேன். அண்ணே, அரசாங்கம் தருகிற மற்ற சான்றிதழ்களையெல்லாம் உங்கள் பிள்ளையும் வாங்கலாம், பேரனும் வாங்கலாம். இந்த ஒன்றை மட்டும் உங்கள் மகளுடைய பிள்ளைகள் வாங்கவே முடியாது. தாசில்தார் ஆபீஸில், "அதான் உங்க அம்மா டிகிரி முடிச்சிருக்காங்களே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஒரு நாளுக்காக இன்றைக்குக் கொஞ்சம் அலையலாம், தப்பில்லை!