இருபத்தொரு லட்ச ரூபாய் இரும்பு வீடு

சித்திரை மாத மதியத்தில், வெள்ளகோவில் பக்கம் தகரம் வேய்ந்த தறிக் குடோனுக்குள் ஒரு மணி நேரம் நின்றவருக்கு, இரும்புக் கூரைக்கடியில் குடித்தனம் நடத்துவது எப்படியிருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலும் இதற்கு இளைத்ததல்ல. அந்த மண்ணை உள்ளடக்கிய வடக்கு, கிழக்கு மாகாணங்களில்தான் 65,000 இரும்பு வீடுகளை இறக்க 2015-16இல் கொழும்பு அரசு திட்டம் போட்டது.

2009 மே மாதம் இலங்கை உள்நாட்டுப் போர் முடிந்தபோது வன்னியில் கூரையோடு நின்ற வீட்டைத் தேடத்தான் வேண்டியிருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்தும் பல்லாயிரம் குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் இருந்தன. அந்த அவசரத்தைக் காட்டித்தான் மீள்குடியேற்ற அமைச்சர் சுவாமிநாதன் இரும்பு வீட்டுக்காக வாதாடினார். வேலைக்குத் தேர்வான நிறுவனம் உலகின் மாபெரும் எஃகு நிறுவனங்களில் ஒன்றான ஆர்செலர் மிட்டல். ஒரு வீட்டின் விலை சுமார் 21 லட்சம் இலங்கை ரூபாய். மொத்தக் கணக்கு 13,650 கோடி!

அதே பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுமந்திரன் கேட்டார். பொறியாளர்கள் மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டு அடுக்கிய குறைகள் இன்னும் உறைத்தன. அஸ்திவாரம் போதாது, விறகடுப்புப் புகைக்கு வழியில்லை, பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்டவும் முடியாது. கல் அறுப்பவர், மேசன், தச்சர் என்று ஊர்க்காரர் கைக்குப் போக வேண்டிய கூலியும் கப்பலேறிவிடும். லஞ்சம் கைமாறியதா என்ற கேள்வியே இங்கே தேவைப்படவில்லை. விலைப்பட்டியல் போதுமானதாக இருந்தது. எதிர்ப்பு வலுக்க, 65,000 என்ற அளவில் அந்தத் திட்டம் நிறைவேறவேயில்லை.

போர் கண்ட தேசங்களில் இது புதிய கதையல்ல. ஈராக்கின் பணம் 880 கோடி டாலருக்குச் சரியான கணக்கில்லை என்று 2005 ஜனவரியில் அமெரிக்கத் தணிக்கையே சொன்னது. ஆப்கானிஸ்தானின் ஷெபர்கானில் ஒரே ஒரு கேஸ் பங்குக்கு 4.3 கோடி டாலர் செலவானதாக 2015இல் அமெரிக்கக் கண்காணிப்பு அலுவலகம் எழுதியது. பக்கத்துப் பாகிஸ்தானில் 5 லட்சம் டாலருக்குள் முடிகிற வேலை அது.

இலங்கையிலேயே வேறு வழியும் இருந்தது. 2010இல் இந்தியா அறிவித்த 50,000 வீடுகளில் முதல் ஆயிரத்தை ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். 2012 அக்டோபர் 2 முதல் முறை மாறியது. வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய், வேலை முன்னேற முன்னேறத் தவணைகளாக, குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போனது. மேசனைப் பிடிப்பது, கல் வாங்குவது, கூலி பேசுவது எல்லாம் வீட்டுக்காரர் பாடு. சொந்த வீட்டுச் சாந்தில் யார்தான் சிமெண்டைக் குறைப்பார்கள்?

ஆனால் 5.5 லட்சம் எல்லோருக்கும் எட்டவில்லை. ஊரெல்லாம் ஒரே நேரத்தில் வீடு கட்டினால் மணலும் கூலியும் சும்மா இருக்குமா? பூசாத சுவரோடு குடிபுகுந்தவர்கள் உண்டு. மிச்ச வேலைக்கு நகையை அடகு வைத்தவர்களும், கடன்காரரிடம் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு.