கங்காணி சொன்ன மலாய் நாடு

வியாபாரி தன் சரக்கைத் தானே புகழ்ந்தால் ஜனங்கள் அரைக் காதால் கேட்பார்கள்; அதே சரக்கை அடுத்த வீட்டுக்காரர் புகழ்ந்தால் முழுக் காதையும் கொடுப்பார்கள். இந்த ஓர் உண்மையின் மீதுதான் இன்றைய சமூக வலைத்தள விளம்பரத் தொழிலின் பெரும்பகுதி எழுந்து நிற்கின்றது. பெரிய கம்பெனிகள், முகநூலிலும் டிக்டாக்கிலும் ஜனங்களுக்கு அறிமுகமான ஒருவரைப் பிடித்து, அவர் தம் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு, சொந்த அனுபவத்தைச் சொல்வதுபோல் தங்கள் பொருளைப்பற்றிப் பேசச் செய்கின்றன. பேசுகிறவருக்குக் கூலி உண்டு. ஆனால் அந்தக் கூலி கேட்கிறவர் கண்ணில் உறுத்தாதபடி பேச்சு அமையவேண்டும். இவ்விதப் பேச்சுக்கு ‘உண்மைத்தன்மை’ என்று அத்தொழிலாளர்களே பெயரிட்டிருப்பது வேடிக்கைதான்.

இதனைப் புதுமை என்று வியப்போர் உளர். ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர் அவ்வாறு வியக்கவேண்டியதில்லை. நம்மில் பலருடைய பாட்டன்மாரும் பாட்டிமாரும் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்ததே இத்தகைய ஒரு விளம்பரத்தால்தான். அவ்விளம்பரத்தின் பெயர் கங்காணி.

1909-ம் ஆண்டில் ஜொகூர் இராஜ்யத்தின் ஊடே இரயில் பாதை முடிவுற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று அப்பாதை சென்ற வழியெல்லாம் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் முளைத்தன. காட்டை வெட்டவும் பால்மரம் சீவவும் ஆட்கள் வேண்டும். 1921-ல் இருபத்து நாலாயிரம் அளவில் இருந்த ஜொகூர் இந்தியரின் தொகை, 1931-ல் ஐம்பதினாயிரத்தைத் தாண்டியது. பத்தே ஆண்டுகளில் இரட்டிப்பான இந்தத் தொகை பிள்ளைப்பேற்றால் வந்ததன்று, கப்பலில் வந்தது.

கப்பலேற்றும் வேலை முன்பு சஞ்சிக்கூலி முறையில் நடந்துவந்தது. ‘சஞ்சி’ என்பது வாக்குறுதி எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லின் திரிபு. அந்த வாக்குறுதி எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பதை, அம்முறைக்கு உண்டான கெட்ட பெயரே சொல்லும். ஊர் பேர் தெரியாத தரகர்கள் சந்தையிலும் சாலையிலும் ஆள்பிடித்து, காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். 1910-ல் அம்முறைக்கு முடிவு கட்டப்பட்டது. இன்றைய வியாபார பாஷையில் சொன்னால், கம்பெனி தன் வாயால் செய்த விளம்பரத்தின் மீது ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கை செத்துவிட்டது.

அவ்விடத்தில் முழு ஆதிக்கம் பெற்றவனே கங்காணி. இவன் தரகன் அல்லன். தோட்டத்திலேயே வேலை செய்கிறவன். தோட்டத்துரை இவனுக்கு ஆள்கட்டும் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்து, வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்து, இவனுடைய சொந்த ஊருக்கே அனுப்பிவைப்பான். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களின் ஏதோ ஒரு சேரிக்கோ குடியானத் தெருவுக்கோ அவன் வந்து சேருவான். வெள்ளை வேட்டி, கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன், கையில் குடை. நேற்றுவரை கோவணத்தோடு ஏர் பிடித்தவன் இன்று இப்படி வந்து நின்றால், அவன் வாய் திறந்து ஒரு வார்த்தையும் சொல்லவேண்டுவதில்லை. அவன் உடம்பே விளம்பரப் பலகை. பிறகு வாயும் திறப்பான். பொய் முழுவதையும் அவன் சொல்லிவிடுவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மாதாமாதம் ரொக்கச் சம்பளம் உண்டென்பான், அது மெய். தெருவில் செருப்புப் போட்டு நடக்கலாமென்பான். அதுவும் ஏறக்குறைய மெய். விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவேண்டும், மலேரியாக் காய்ச்சலில் லயத்துக்கு லயம் ஆள் விழும், கடைக்கணக்கில் சம்பளம் கரையும் என்பவற்றை மட்டும் சொல்லமாட்டான்.

அவனுடைய கூலி இரண்டு வகைப்பட்டது. கொண்டுவந்து சேர்த்த ஆளொன்றுக்கு ஒரு தொகை. அதன்பின், அந்த ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளைக்கும் இரண்டு காசு அளவில் தலைக்காசு. ஆகவே அழைத்துவருவதில் மட்டுமல்ல, வந்தவன் ஓடிப்போகாமல் இருப்பதிலும் அவனுக்கு இலாபம் இருந்தது. மாமனென்றும் அண்ணனென்றும் உறவுமுறை சொல்லி அழைத்தவனே, காய்ச்சலில் கிடப்பவனை வேலைக்கு எழுப்பும் ஆளாகவும் மாறியதன் இரகசியம் இதுதான். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? 1907-ம் வருஷத்துச் சட்டத்தின்படி தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் தாங்கள் வைத்திருக்கும் ஆட்களின் கணக்குப்படி அதற்கு வரி செலுத்தினார்கள். கப்பல் கட்டணமும் ஆள்கட்டும் செலவும் அதிலிருந்து போயின. கூலியாளின் தலையில் கப்பல் கடன் ஏறாமற் செய்தது அந்நிதியின் நன்மை. ஆனால் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து உறவு கொண்டாடியவனுக்குப் பின்னால் முதலாளிகளின் பொதுப் பணப்பெட்டி ஒன்று இருந்தது என்பதைத் திண்ணையிலிருந்தவர்கள் அறியார்கள்.

கங்காணி நன்றாகப் பொய் சொன்னான், ஜனங்கள் ஏமாந்தார்கள் என்று கதையை முடித்துவிடுவோர் உண்டு. நாம் அதனை ஒப்புவதற்கில்லை. தஞ்சாவூர்ப் பண்ணையில் பரம்பரையாக அடிமைப்பட்டு, நெல்லளந்து வாங்கி, மிராசுதாரர் தெருவில் நடக்கவும் உரிமையில்லாமல் கிடந்த ஒருவனுக்கு, கங்காணியின் கடுக்கன் வெறும் பொன்னாகத் தோன்றியிராது. ஜாதிக்கு வெளியே ஒரு நாடு இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. ஊரில் இருந்த உண்மை அவ்வளவு கொடியதாக இருந்தபடியால், கங்காணி சொன்ன பாதி உண்மை போதியதாயிற்று. பண்ணையாட்களைக் கங்காணிகள் கலைத்துக் கொண்டுபோகிறார்கள் என்று மிராசுதாரர்கள் கூக்குரலிட்டதும் உண்டு. அவர்களுக்கு உறுத்தியது கங்காணியின் பொய்யா, அவன் சொன்ன மெய்யா?

இந்திய சர்க்கார் 1922-ல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றிற்று. அதன்பின் கங்காணி தன் சீட்டில் கிராம முன்சீப்பின் கையெழுத்துப் பெறவேண்டும். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள முகாமில், புறப்படும் ஆட்கள் தம் மனமறிந்தே போகிறார்களா என்று விசாரிக்கப்படும். மலாய் நாட்டில் இந்திய சர்க்காரின் ஏஜண்டு ஒருவர் இருப்பார். கூலி வாங்கிக்கொண்டு பேசுகிறவன் அதை வெளியிடவேண்டும் என்று இக்காலத்தில் விளம்பர விதிகள் எழுதுகிறார்களே, அதற்கு மூத்த ஏற்பாடு இது. பயன் உண்டாகாமலில்லை. ஆனால் கிராம முன்சீப்பு யார்? பெரும்பாலும் நிலமுடையவர், அல்லது நிலமுடையோருக்கு வேண்டியவர். கங்காணி ஒரு பக்கத்துக்காரன் என்றால், அவனைச் சோதிக்க வைத்தவர் மற்றொரு பக்கத்துக்காரர். கப்பலேறுகிறவன் பக்கத்தில் நின்று கேள்வி கேட்க அந்த ஊரில் ஒருவருமில்லை. எழுத்தறிந்தவனாயிருந்தால் அவனே சீட்டைப் படித்துக் கேட்டிருப்பான். அவனைப் படிக்கவொட்டாமல் வைத்தவர்கள் யார் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டுவதில்லை.

1920-களின் இறுதியில், வரையறுத்த சில பகுதிகளில் ஆணுக்கு ஐம்பது காசும் பெண்ணுக்கு நாற்பது காசும் நாட்கூலி என்று நிர்ணயமாயிருந்தது. 1930-ல் ரப்பர் விலை விழுந்தது. கூலி குறைந்தது, ஆள்கட்டுதல் நின்றது, பல்லாயிரவர் திருப்பியனுப்பப்பட்டார்கள். அவர்கள் ஊரில் போய் இறங்கியபோது சொன்ன கதைகள், எந்தக் கம்பெனியும் கூலி கொடாத விளம்பரங்கள். தோட்டத்திலேயே தங்கியவர்களும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. கங்காணியை ஏசியும் கப்பலேறிய நாளை நொந்தும் அவர்கள் பாடிய பாட்டுகள் பால்மரக் காட்டில் ஒலித்தன. மலாய் நாட்டைப்பற்றி அக்காலத்தில் தமிழில் எழுந்த பேச்சுக்களில் உண்மைத்தன்மை என்ற சொல்லுக்கு உரியவை அப்பாட்டுகளே என்பது நம் கருத்து. கடலைத் தாண்டி அவை ஊர்த் திண்ணைக்குப் போய்ச் சேர வழியில்லை. கங்காணிக்கு வழி இருந்தது. ஒரு பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதை அதன் உண்மை தீர்மானிப்பதில்லை, கட்டணம் கொடுப்பவன் தீர்மானிக்கிறான் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

1936-ன் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் மலாய் நாட்டுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை முதலாளிகளிடம் மிருதுவாக நடந்துகொண்டது என்று குறை கூறப்பட்டது. எனினும் கங்காணி மூலம் ஆள்கட்டுவதை நிறுத்தவேண்டும் என்பதை அவரும் ஒப்பினார். 1938 ஜூன் 15-ல் இந்திய சர்க்கார், உதவி பெற்றுத் தொழிலாளர் மலாய் நாட்டுக்குக் கப்பலேறுவதைத் தடுத்துவிட்டது.

எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அக்கங்காணியின் கொள்ளுப்பேரனும் அவன் அழைத்துவந்தவர்களின் கொள்ளுப்பேரர்களும் இன்று தோட்டத்தை விட்டு ஜொகூர் பாருவுக்கு வந்துவிட்டார்கள். பலர் பொழுது விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய கைத்தொலைபேசியில் இரவெல்லாம் விளம்பரங்கள் ஓடுகின்றன. தைலம் விற்கிறவரும் சேலை விற்கிறவரும் கூலி வாங்கிக்கொண்டு பேசினால், நஷ்டம் சில வெள்ளிகளோடு போகும். வேலை விற்கிறவர்கள் பேசும்போது கதை வேறு. நல்ல சம்பளம், தங்க இடம், அனுபவம் வேண்டாம் என்று சமூக வலைத்தளங்களில் வந்த விளம்பரங்களை நம்பி மலேசிய இளைஞர் பலர் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் லாவோசுக்கும் போய், அங்கே அடைத்துவைக்கப்பட்டு, பிறரை இணையத்தில் ஏமாற்றும் வேலைக்கு வற்புறுத்தப்பட்ட செய்திகள் 2022-ல் நாடெங்கும் பரவின.

கங்காணி கடுக்கன் போட்டுக்கொண்டாவது நேரில் வந்தான். ஏமாந்தவன் மறுநாள் காலைப் பெரட்டில் அவன் முகத்தைப் பார்த்து, எங்கேயடா நீ சொன்ன நாடு என்று கேட்க முடிந்தது. சிலர் கேட்டும் இருப்பார்கள். 2022-ல் போனவர்கள் தங்களை அழைத்தவரைத் தேடியபோது, தொலைபேசியில் ஒரு பெயரும் ஒரு படமும் இருந்தன. அவை இரண்டும் மெய்தானா என்று கேட்பதற்குப் பெரட்டுக்களமும் இல்லை.