3,000 யென் சிடியும் ஏறி இறங்கிய டாலரும்

ஜப்பானில் ஒரு பாட்டு ஆல்பம் சிடி சுமார் 3,000 யென். பல வருஷமா கிட்டத்தட்ட இதே விலைதான்.

கம்பெனி சொல்ற விலைக்கே கடைக்காரர் விற்கணும். 1953ல் வந்த சட்டத் திருத்தம் அதுக்கு இடம் கொடுக்குது.

அப்போ வெளிநாட்டு ரசிகருக்கு மட்டும் விலை ஏன் மாறிக்கிட்டே இருக்கு?

நாணய மாற்று மதிப்புதான் காரணம்.

👉 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென்.

👉 1985 பிளாசா ஒப்பந்தத்துக்கு முன் சுமார் 240.

👉 2007 நடுவில் 120க்கு மேல். சிடி விலை 25 டாலருக்குள்.

👉 2011 அக்டோபர் கடைசியில் 76க்கும் கீழே. அதே சிடி கிட்டத்தட்ட 40 டாலர்! தபால் செலவு தனி.

நடுவில் நடந்தது 2008 லேமன் பிரதர்ஸ் திவால்.

நெருக்கடி வந்தா யென் ஏன் ஏறுது?

ஜப்பானில் அப்போ வட்டி ரொம்பக் குறைவு. முதலீட்டாளர்கள் யென்னில் கடன் வாங்கி, வட்டி அதிகமுள்ள நாடுகளில் போட்டிருந்தாங்க. பயம் வந்ததும் அதையெல்லாம் வித்து, யென் வாங்கிக் கடனை அடைச்சாங்க. எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கினா மதிப்பு ஏறத்தானே செய்யும்?

சுகரும் பிபியும் சேர்ந்து வந்த மாதிரி, அமெரிக்க ரசிகருக்கு வேலை போன அதே நேரத்தில் சிடி விலையும் ஏறிடுச்சு. பாட்டு பிடிக்காம இல்லை, வாங்கக் கையில் காசில்லை.

2024 ஜூலையில் டாலர் 160 யென்னைத் தாண்டியது. அதே 3,000 யென் அப்போ 19 டாலருக்கும் குறைவு. ரசிகருக்குக் கொண்டாட்டம்.

ஆனா எண்ணெயும் உணவும் இறக்குமதி செய்யும் ஜப்பானில், அந்தப் பாட்டைப் பாடியவர் வீட்டு மளிகை பில் ஏறுது.

ஒரு பக்கம் இறங்கும் விலையை இன்னொரு பக்கம் யாரோ கொடுத்துக்கிட்டுதான் இருக்காங்க மக்களே.