குளிர்ச்சியின் விலை

சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டிடத்தின் பழைய பெயர் ‘ஐஸ் ஹவுஸ்’. அமெரிக்க வணிகர் பிரெடெரிக் டியூடர் 1842-இல் எழுப்பிய பனிக்கட்டிக் கிடங்கு அது. பாஸ்டன் பகுதி ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பாளங்கள் மரத்தூளில் பொதியப்பட்டுக் கப்பலேறின. பல மாதப் பயணத்தில் கரைந்தது போக எஞ்சியது இங்கே இறங்கியது. 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்திலும் பனி வெட்டினர். அதனை நேரிற் கண்ட தோரோ, தம் ‘வால்டன்’ நூலில் (1854) சென்னையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுள்ளார்.

இவ்வாறு வெள்ளையரின் விருந்து மேசைக்கு ஏரியே கடல் கடந்து வந்தது. அவர்கள் உறங்குவதற்காக இரவெல்லாம் பங்கா இழுத்தவனோ தாழ்வாரத்தில் வியர்த்துக் கிடந்தான். ஒருவரின் குளிர்ச்சிக்கு மற்றொருவர் உடலால் விலை கொடுத்தார்.

பின்னர் இயந்திரப் பனிக்கட்டி வந்தது. கப்பல் வணிகம் நொடித்தது. மின்விசிறி வந்தது, பங்காக் கயிறு ஓய்ந்தது. ஆயினும் அப்பழைய கணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. நம் குளிர்சாதனம் அறையின் வெப்பத்தை அழிப்பதில்லை, தெருவுக்குத் தள்ளுகிறது. மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் நாம் முணுமுணுக்கிறோம். அத்தெருவில் உறங்குபவர் ஏற்கும் வெப்பமோ எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை.