சின்ட் எழுதின பாட்டு

நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகருக்கு வேலை மாறிப்போன முதல் வருஷம். நவம்பர் நடுவில் என் டீம் லீட் ஒரு கம்பளித் தொப்பியை நீட்டி, "ஒரு சீட்டு எடு" என்றார். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு நாம் பரிசு வாங்க வேண்டும். பத்து யூரோவுக்குள் போதும். ஆனால் கூடவே எதுகையோடு ஒரு பாட்டு எழுத வேண்டும். அதில் அந்த ஆளை நன்றாகக் கிண்டல் செய்ய வேண்டும். கீழே நம் பெயரைப் போடக் கூடாது, 'சின்ட்' என்றுதான் போட வேண்டும்.

டிசம்பர் 5ஆம் தேதி மாலை அவர் வீட்டில் எல்லோரும் கூடினோம். எனக்கு வந்தது அட்டையில் செய்த பிரஷர் குக்கர். உள்ளே ஒரு ஜோடி கையுறை. பாட்டை, பெற்றவரே உரக்கப் படிக்க வேண்டுமாம். இலையுதிர் காலத்திலேயே இரண்டு ஸ்வெட்டர் போடுகிறவன், எல்லா மீட்டிங்கிலும் 'இன்னும் ரெண்டே நிமிஷம்' கேட்கிறவன் என்று என்னைப் பற்றியே என் ஓட்டை டச்சில் நான் படிக்க, வீடே சிரித்தது. யார் எழுதியது என்று கடைசிவரை யாரும் வாய் திறக்கவில்லை. "சின்ட்தான்" என்றார் டீம் லீடின் அம்மா. எண்பது வயதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் ஓமா, அதாவது பாட்டி.

சின்டர்கிளாஸ் என்பது கிறிஸ்துமஸின் டச்சு வெர்ஷன் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மை தலைகீழ். சான்டா கிளாஸ் என்ற பெயரே சின்டர்கிளாஸ் அமெரிக்கா போய்த் திரிந்தது. மூலக்கதை இன்னும் பழையது. இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா நகரத்தின் 4ஆம் நூற்றாண்டுப் பேராயர் நிக்கோலஸ். மூன்று பெண்களுக்கு வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஒரு அப்பன் வீட்டுக்குள், ராத்திரி யாருக்கும் தெரியாமல் பொன் முடிப்புகளை வீசினார் என்பது கதை. நம்ம ஊரில் நடந்திருந்தாலும் நம்பியிருப்போம். கொடுத்தவர் தெரியக் கூடாது என்ற விதி அங்கிருந்து வருகிறது. 1087இல் இத்தாலியின் பாரி நகர மாலுமிகள் அவருடைய எலும்புகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாலுமிகளின் காவலர் என்பதால் துறைமுகங்களுக்கெல்லாம் பிடித்தமானவர் ஆனார். ஆம்ஸ்டர்டாமின் மிகப் பழைய தேவாலயம் அவர் பெயரில்தான் எழுந்தது.

1578இல் அந்நகரம் புராட்டஸ்டன்ட் கைக்குப் போனது. புனிதர்களுக்கு இனி இடமில்லை. 17ஆம் நூற்றாண்டில் பல நகர மன்றங்கள் நிக்கோலஸ் சந்தைக் கடைகளுக்கும், புனிதர் உருவத்தில் சுட்ட பண்டங்களுக்கும் தடை போட்டன. தடை தோற்றது. கடையை மூடலாம், சிலையை இறக்கலாம். ராத்திரி ஒரு குழந்தை அடுப்போரம் கழற்றி வைக்கும் ஷூவை யார் போய்ச் சோதிப்பது? புராட்டஸ்டன்ட் வீடுகளிலும் ஷூ இருந்தது.

ரைக்ஸ்மியூசியத்தில் யான் ஸ்டேன் 1660களில் வரைந்த ஓவியம் இதற்குச் சாட்சி. ஒரு சிறுமி பொம்மையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறாள். அண்ணன்காரன் அழுகிறான், அவன் ஷூவில் கிடைத்தது பிரம்பு. இன்னொரு பயல் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறான். பின்னால் திரைச்சீலை பக்கம் பாட்டி அவனைக் கையசைத்துக் கூப்பிடுகிறாள். உனக்கும் ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கேன்டா என்பது போல. பேராயரே படத்தில் இல்லை. குடும்பம்தான் இருக்கிறது.

இந்தப் பண்டிகைக்குச் சுடும் ஸ்பெகுலாஸ் பிஸ்கட்டில் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மணக்கும். அவற்றை அந்த ஊருக்குக் கொண்டுவந்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. ஸ்டேன் அந்தப் படத்தை வரைவதற்குச் சில வருஷம் முன்னால், 1658இல், அதே கம்பெனி நாகப்பட்டினத்தைப் பிடித்தது. அடுத்து வந்த பஞ்சத்தில், தஞ்சைச் சீமையில் பசிக்கு விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான பேரை அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியது. என் அம்மாவின் ஊர் நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

1850இல் யான் ஸ்கெங்க்மன் என்ற ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் ஒரு குழந்தைகள் புத்தகம் போட்டார். சின்ட் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வருகிறார். கூட ஒரு கருப்பு வேலைக்காரன். புத்தகத்தில் அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. டச்சுக் காலனியான சுரினாமில் அடிமைமுறை ஒழிய அப்போது இன்னும் 13 வருஷம் இருந்தது. பின்னால் அவனுக்கு ஸ்வார்ட்டே பீட், கருப்புப் பீட்டர், என்று பெயர் வந்தது. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கருப்பு மை, உதட்டில் சிவப்பு, தலையில் சுருட்டை விக் வைத்துக்கொண்டு பீட் ஆனார்கள். எங்கள் தொழிலில் இதை லெகசி கோடு என்போம். எழுதினவன் போய்விட்டான், எடுத்தால் எல்லாம் விழுந்துவிடும் என்று யாரும் தொடமாட்டார்கள்.

2011இல் தோர்ட்ரெக்ட் நகர ஊர்வலத்தில் 'ஸ்வார்ட்டே பீட் இனவாதம்' என்று எழுதிய டீ-ஷர்ட்டோடு நின்ற குவின்ஸி காரியோ என்ற கலைஞரைப் போலீஸ் கைது செய்தது. அதன்பின் வருஷா வருஷம் சண்டை. 2017இல் எதிர்ப்பாளர்களின் பஸ்களை நெடுஞ்சாலையிலேயே மறித்தார்கள். 2019இல் டிவியில் வரும் தேசிய ஊர்வலத்தில் முழுக் கருப்பு முகம் போனது. புகைபோக்கி வழியாக இறங்கியவன் போல, கன்னத்தில் மட்டும் கரி.

நாங்கள் போனது அதற்கு அப்புறம்தான். ஆனாலும் அந்த டிசம்பரில் வகுப்புப் பையன் ஒருவன் என் மகளிடம் "நீ பீட்டா?" என்று கேட்டிருக்கிறான். ஆறு வயசுப் பையன், கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அன்று ராத்திரி, சின்ட்டின் குதிரைக்கு என்று ஷூவுக்குள் கேரட்டை வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "அப்பா, பீட் முகம் கழுவினா வெள்ளையாயிடுவான். நான் கழுவினா?" என்னவோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

இதை ஓமாவிடம் சொல்லும்படி ஆனது. அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே 1950களிலிருந்து அந்த வீட்டில் எழுதிய பாட்டுகள். கணவர் தட்டச்சு செய்தவை, பிள்ளைகள் கிறுக்கியவை. "எழுபது வருஷம் பீட்டையும் பாடினேன், ஒருநாளும் யோசிக்கல" என்றார். சில வருஷம் முன்னால் அந்த வீட்டில் மை பூசுவதை நிறுத்தியிருக்கிறார்கள். மூத்த மகனுக்குப் பொறுக்கவில்லை. "நம்ம சின்ன வயசு சந்தோஷமே தப்புங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர், அதன்பின் 5ஆம் தேதி அந்த வீட்டுக்கு வந்ததில்லை. அந்தக் கேள்வியில் இருந்த வலி பொய்யில்லை என்றே எனக்கும் பட்டது.

"பீட் போனான், பண்டிகை போகல. அவன்தான் போயிட்டான்" என்றார் ஓமா.

ஆனால் தொப்பிக்குள் அவர் பெயர்ச் சீட்டு வருஷா வருஷம் விழுகிறது. யாருக்கு வருகிறதோ அவர் பாட்டு எழுதித் தபாலில் அனுப்பிவிட வேண்டும்.

அடுத்த வருஷம் அது எனக்கு வந்தது.

வேறு சீட்டு கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், எந்த முகத்தைத் தொடாதே என்றாரோ அதை வைத்து என் பெண்ணை ஒருவன் கூப்பிட்டான் என்பதுதான். ஓமாவிடம் விசாரித்தேன். பந்தயப் புறா வளர்க்கிறாராம். மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். டச்சு இலக்கணத்தை என் மனைவியின் மொழி வகுப்புத் தோழி திருத்தித் தந்தார். முந்நூறு கிலோமீட்டர் தாண்டி விட்டாலும் உங்கள் புறாவுக்கு வீட்டு வழி தெரிகிறது, அதை வளர்த்தவருக்கு இருபது கிலோமீட்டர் வழி மறந்துவிட்டதே என்பது பாட்டின் சாரம். கீழே 'சின்ட்' என்று போட்டேன்.

"நீங்க எழுதினதுன்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் மனைவி.

"தெரியாது. தெரியக் கூடாது, அதானே விதி."

மகள் வந்து உறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு கேரட்டையும் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்டாள். தபாலில் அழுகிவிடும் என்றேன். சரி என்று காகிதத்தில் வரைந்து கொடுத்தாள்.