ஊழும் அரசன் பிழையும்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில், கலியுக வரதராசப் பெருமாள் கருவறையில் திருவுருவம் இல்லை, கற்கம்பமே மூலவர். 'எல்லாம் தலையெழுத்து' என்று சொல்லும் அதே வாய்தான் அக்கம்பத்தின் முன் நேர்ந்துகொள்ளவும் செய்கிறது. தலையெழுத்து மாறாதெனில் வேண்டுதல் எதற்கு? சிலப்பதிகாரத்தின் நடுவிலும் இந்த வினா கிடக்கிறது.

கணவனைப் பிரிந்த கண்ணகியிடம், முற்பிறப்பில் நோன்பு தவறியதே இத்துன்பத்துக்குக் காரணம் என்கிறாள் தேவந்தி. பொய்கைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் அவன் மீள்வான் என்று பரிகாரமும் சொல்கிறாள். அது தனக்குப் பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள். ஊழின் காப்பியம் எனப் பெயர்பெற்ற நூலில் இது ஒரு தெளிவான தேர்வு.

நூலின் பதிகம் மூன்று உண்மைகளை முன்வைக்கிறது: அரசியலில் பிழைத்தவரை அறமே கொல்லும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை தேடிவந்து பயன் தரும். முதலாவதும் மூன்றாவதும் மோதுகின்றன. கோவலன் ஊழால் மாண்டான் எனில் பாண்டியன் செய்த பிழை என்ன?

கொலைக்களக் காதையில் இளங்கோ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்: வினை விளையும் காலம் வந்தது, அரசன் ஆராயவில்லை. கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று தயங்கவும் செய்கின்றனர். அந்தத் தயக்கத்தைப் பொற்கொல்லனின் பேச்சு கலைக்கிறது. கல்லாத களிமகன் ஒருவனின் வாள் முடித்துவைக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதன் வேறுவிதமாக நடந்திருக்க முடியும்.

காதைகளின் வரிசையும் கவனத்துக்குரியது. வழக்குரை காதையில், பிழை தன்னுடையதே என்று ஏற்று அரசன் உயிர்விடுகிறான். சங்கமன் என்னும் வணிகனைக் கோவலன் முற்பிறப்பில் ஒற்றன் எனக் காட்டிக் கொல்வித்ததையும், அவன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் மதுரைத் தெய்வம் சொல்வது அதன்பிறகு, கட்டுரை காதையில்தான். சொல்லப்படுவதும் கண்ணகிக்கே. அந்த விளக்கம் அரசன் காதுக்கு எட்டவேயில்லை; அதில் ஒளிந்துகொள்ளும் வாய்ப்பை இளங்கோ அவனுக்குத் தரவில்லை.

இழந்தவருக்கு ஊழ் ஆறுதலாகலாம். தீர்ப்பளித்தவருக்கு அது சாக்காகக் கூடாது. உயிரிழப்புகளை 'விதி' என்று சொல்லிக் கோப்பை மூடும் நம் காலத்துக்கு, இந்த வரிசை நினைவிலிருக்க வேண்டும்.