அம்மாவின் சங்கிலியும் காட்பாடி காலேஜும்



போன வாரம் மகள் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். "குடும்பத்தில் முதல் பட்டதாரி யார்?" என்று அதில் ஒரு கேள்வி.

"நீங்கதானேப்பா?"

"இல்லடா, உன் அத்தை."

"அத்தை எங்க படிச்சாங்க?"

ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. இங்கே மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவு. அவளுக்குச் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

எங்க ஊர் கோலார் தங்கவயல். இப்போது கே.ஜி.எஃப் என்றாலே எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. எங்களுக்கு அது லைன் வீடும் சங்குச் சத்தமும்தான். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைக் கையில் எடுத்த பிறகு வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வேலைக்கு வந்தார்கள். எங்க கொள்ளுத்தாத்தா குடியாத்தம் பக்கத்து ஆள். 1894-ல் பங்காரப்பேட்டையிலிருந்து (அப்போது பௌரிங்பேட்டை) மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது. ஊரிலிருந்து ஆள் வருவது இன்னும் சுலபமாயிற்று.

அதே தண்டவாளத்தில்தான் நூறு வருஷம் கழித்து, 1993-ல், அக்கா எதிர்ப்பக்கமாகப் போனாள். காட்பாடிக்கு, படிக்க.

சரி, காட்பாடி கதைக்கு வருவோம். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-லேயே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டார். ஆனால் சாதாரணமாக ஒரு பட்டப்படிப்பு படிக்க, வட ஆற்காடு மாவட்டத்தில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி வர 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுதான் காட்பாடி காந்தி நகரில் இருக்கும் ஆக்சிலியம் கல்லூரி. அதற்கு முன்னால் மகளிர் கல்லூரி வேண்டுமென்றால் சென்னை மாதிரி வெளியூருக்குத்தான் போக வேண்டும். 1914-ல் வந்த ராணி மேரி, 1915-ல் வந்த மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி எல்லாம் அங்கேதான். கைத்தறி நெசவாளி, பீடி சுற்றுகிறவர் வீட்டுப் பெண்ணுக்குச் சென்னை விடுதி நடக்கிற காரியமா?

ஆக்சிலியத்தை நடத்துகிறவர்கள் சலேசிய சகோதரிகள். லத்தீனில் ஆக்சிலியம் என்றால் உதவி. சகாய மாதா என்கிறோமே, அந்தச் சகாயம். இந்தச் சபை 1872-ல் இத்தாலியில் மோர்னேசே என்ற சின்ன ஊரில் ஆரம்பமானது. தொடங்கியவர்கள் டான் போஸ்கோவும் மரிய மசரெல்லோவும். மசரெல்லோ விவசாயக் குடும்பத்துப் பெண். 1860-ல் டைஃபஸ் காய்ச்சலில் கிடந்த உறவினர்களைக் கவனிக்கப் போய், காய்ச்சல் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. பிழைத்தார், ஆனால் வயலில் இறங்கி வேலை செய்கிற தெம்பு போய்விட்டது. உட்கார்ந்து அழவில்லை. தையல் கற்றுக்கொண்டு, ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தையல் வகுப்பிலிருந்து வளர்ந்ததுதான் சபை. 1922-ல் தஞ்சாவூர் வந்த சகோதரிகள், 32 வருஷம் கழித்துக் காட்பாடியில் கல்லூரி தொடங்கினார்கள்.

பெங்களூரிலும் 1948-லிருந்து சகோதரிகள் நடத்தும் மவுண்ட் கார்மல் கல்லூரி இருக்கிறது. அக்கா தமிழ் மீடியம். பெங்களூர் என்றாலே பயந்தாள். காட்பாடி என்றால் பக்கத்தில் குடியாத்தத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பேச்சும் நம்ம பேச்சு. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சிஸ்டருங்க காலேஜ், ஹாஸ்டல்ல விட்டா பயமில்ல." நம் ஊர்ப்பக்கம் எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு வார்த்தைதான் பெண்பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

பணம்? அம்மாவின் மூன்று சவரன் சங்கிலி அடகுக்குப் போனது. தங்கம் வெட்டுகிற மனுஷன் வீட்டில் இருந்த தங்கமே அவ்வளவுதான் :-)

பின்னாளில் நான் பேங்கில் நகைக்கடன் சீட்டில் உட்கார்ந்தபோது ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசிக் காலத்தில் எங்க சுரங்கத்தில் ஒரு டன் பாறைக்குச் சுமார் மூன்று கிராம் தங்கம்தான் தேறியது. மூன்று சவரன் என்றால் 24 கிராம். அதாவது எட்டு டன் பாறை. அக்கா அந்த எட்டு டன்னையும் பி.எஸ்ஸி. கணிதமாக மாற்றிக்கொண்டு 1996-ல் ஊருக்கு வந்தாள். அப்புறம் பி.எட்., அதன் பிறகு டீச்சர் வேலை. சங்கிலியை மீட்டது அவளுடைய சம்பளம்தான்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. 120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த பூமி. ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு 53 வயது. புதிதாக ஒரு உடலுழைப்பு வேலைக்குப் போகும் தெம்பு இல்லை. நான் பி.காம் கடைசி வருஷம். அந்த இரண்டு வருஷம் வீட்டில் அடுப்பு எரிந்தது அக்காவின் சம்பளத்தில். என் கடைசி பரீட்சை ஃபீஸும் அவள் கட்டியதுதான்.

மசரெல்லோ கதையைப் பிற்பாடு படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. உடம்பு உழைப்பு நின்றுபோகிற நாளில் கையில் இன்னொரு தொழில் வேண்டும் என்பதுதான் அந்தச் சபையின் முதல் பாடம். தங்கவயலுக்கும் அந்தப் பாடம்தான் தேவைப்பட்டது. எங்க வீட்டுக்கு அது எட்டு வருஷம் முன்கூட்டியே கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்து லைனில் எத்தனையோ வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

மகள் படிவத்தில் அத்தை பேரை எழுதினாள். பிறகு அத்தைக்கே போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினாள். எனக்கே தெரியாத காட்பாடிக் கதைகள் எல்லாம் வெளியே வந்தன!

உங்க வீட்டில் முதல் பட்டதாரி யார், அதற்கு எது அடகுக்குப் போனது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? இந்த வெள்ளிக்கிழமை சொல்லிவிடுங்கள்.